எலும்பு சொன்ன வயது

காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மாலை ஆறு மணிக்கு வெளியே வந்துவிடலாம், நடுவில் ஒரு மாதம் இருக்கும், அவ்வளவுதான் என்று முகாம் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை எழுதிய ஆள் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், அவரிடம் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை அது. என் அத்தாவுக்கு லப்பைக்குடிகாட்டில் செல்போன் கடை. பெற்ற பிள்ளைகளுக்கு எங்கேயாவது இலவசமாக ஏதாவது கிடைக்கிறது என்றால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"ஒரு நாள்தானே புள்ள. காலைல கொண்டாந்து விடுறேன், சாயங்காலம் வந்து கூட்டிக்கிறேன். ஃபாசில் தோண்டுற வேலையாம். சர்டிபிகேட் குடுத்தா காலேஜ்ல அஞ்சு மார்க் சேத்துப் போடுறாங்களாம்."

"ஒரு நாள் உங்களுக்கு. எனக்கு ஒரு மாசம்."

"அதனால என்ன, எனக்கு ஒரு நாள் கடை வேலை கெடுது, அதப் பத்தி நான் பேசுறேனா?"

அத்தாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததாம். இப்போதும் பாறையைத் தட்டினால் சிப்பியும் சங்கும் உதிரும். முந்தின வாரம் வெடி வைத்தபோது பாறை பிளந்து ஒரு முதுகெலும்பு வெளியே தெரிந்திருக்கிறது. தோண்டி எடுக்க ஒரு மாதம் வேண்டும் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஒரு நாள்தான் வேலையை நிறுத்துவோம், மறுநாள் வெடி உண்டு என்றது சுரங்கம். இரண்டு பேரையும் சமாதானப்படுத்தத்தான் அந்தக் குழியின் மேல் விரைவுக் கூடத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தோண்ட ஆள் வேண்டுமே, கோடைமுகாம் என்று பெயர் வைத்தால் பிள்ளைகளே வந்து தோண்டிக் கொடுக்கும்.

கூடம் என்றால் நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர், மேலே கண்ணாடிக் கூரை. ஒரு கல்யாண மண்டபம் அளவு இருக்கும். பொறுப்பாளர் செண்பகவல்லி மேடம் எங்கள் பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"உள்ள நேரம் வேகமாப் போகும். வெளிய ஒரு நிமிஷம்னா நமக்கு ஒரு மணி நேரம். நடுவுல கதவு திறக்காது, அழுதாலும் திறக்காது. அந்தச் சிவப்புக் கைப்பிடி தெரியுதா? அதை இழுத்தா கூடம் நின்னுடும். நின்னா இன்னிக்கு மறுபடி ஓடாது, நாளைக்கு எல்லாத்தையும் வெடி வச்சுத் தூளாக்கிடுவாங்க. உயிர் போற காரியம்னா மட்டும்தான் அதைத் தொடணும்."

"மேடம், நாங்க உள்ள இருந்தா எங்களுக்கு வயசு கூடுமா?" என்று கேட்டேன்.

"கூடாம? ஒரு மாசம் வாழ்ந்தா ஒரு மாசம் கூடத்தான் செய்யும். அதனாலதான் பிள்ளைங்களுக்கு வரம்பு. பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் மொத்தமா ஒரு வருஷத்துக்கு மேல எந்தக் கூடத்துலயும் இருக்கக் கூடாது. அதுக்கு மேல இருந்த பிள்ளை ஒண்ணு உள்ள இருக்குன்னு தெரிஞ்சாலும் நான் கைப்பிடியை இழுத்தாகணும். பெரியவங்களுக்கு வரம்பு கிடையாது, அவங்க இஷ்டம்."

கதவு மூடியது. வெளியிலிருந்த சத்தம் எல்லாம் ஒரே கணத்தில் அறுந்தது.

வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே வந்தது. விடியற்காலையே நாள்கணக்கில் நீண்டது. எல்லாமே செங்கல் நிறத்தில் மங்கித் தெரிந்தன. கூரைக்கு மேலே ஒரு பருந்து பறந்துகொண்டிருந்தது. அது ஒரு முறை இறக்கையை அடித்து முடிப்பதற்குள் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இரவு என்பதே கிடையாது. கறுப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, இப்போது ராத்திரி என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு தூங்க வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு பேர் கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டு அழுதார்கள். வெளியே உலகம் நின்றுகிடக்க, நாங்கள் மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டிருந்தோம்.

மற்ற பெற்றோர்கள் எல்லாம் எங்களை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தாவின் முதுகு வண்டியைப் போய்ச் சேர எங்களுக்கு ஒரு பகல் ஆயிற்று. ஒரே ஒருவர் மட்டும் போகவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை ஒட்டி எங்களையே பார்த்தபடி நின்றார். அவர் கொட்டாவி விட ஆரம்பித்தால் நாங்கள் பல் தேய்த்துவிட்டு வருவோம். அப்போதும் வாய் மூடியிருக்காது.

"யாரோட அப்பா இவரு? காவல் காக்குறாரு" என்று சிரித்தேன்.

"என்னோட அப்பா" என்றாள் பக்கத்திலிருந்த பெண். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. "காவல்தான்."

அவள்தான் யாழரசி. அதே சுரங்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பிலிருந்து வந்தவள். என் வயதுதான் என்று கழுத்திலிருந்த பெயரட்டை சொன்னது. ஆனால் வேலையைப் பார்த்தால் நாங்கள் எல்லாம் மண்ணில் விளையாட வந்தவர்கள் போல இருக்கும். உளியை எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வைப்பாள், பிரஷ்ஷால் தூசியைத் தன் பக்கமாகவே இழுப்பாள், அவசரமே படமாட்டாள். நான் இரண்டாம் நாளே ஒரு விலா எலும்பை உடைத்து மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாழரசி பேசாமல் வந்து துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டிக் கொடுத்தாள்.

"எப்படிடி உனக்கு இவ்வளவு பொறுமை?"

"இருந்து இருந்து பழகிடுச்சு."

நானும் அவளும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. தூக்கத்தில் அவள் உயிரியல் பாடத்தை ஒப்பிப்பாள். பதினொன்றாம் வகுப்புப் பாடம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் எல்லாம் வரும். பெரிய படிப்பாளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பத்தாம் வகுப்புப் பாடமே தேர்வறையோடு போயிருந்தது.

பாதி மாதம் போனபோது முழு உடலும் வெளிப்பட்டது. கடலில் வாழ்ந்த பல்லி இனம், வேன் நீளம் இருக்கும். வயிற்றுப் பகுதியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மேடம் திடீரென்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே இன்னொரு சின்ன முதுகெலும்பு இருந்தது. பிறக்காத குட்டி.

"இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இது மாதிரி ஒண்ணு எனக்குக் கிடைக்கும்னு நினைச்சதே இல்ல" என்றார். தாயையும் குட்டியையும் சேர்த்தே மாவுக்கட்டுப் போட்டுப் பெயர்த்தெடுக்க வேண்டும், மீதமிருக்கும் நாள் முழுக்க அதற்கே சரியாகிவிடும் என்றார்.

அன்றைக்கு எங்களுக்குக் கொண்டாட்டம். பாயசம் செய்தோம். மேடம் உற்சாகத்தில் ஒரு பாடம் எடுத்தார். நான் உடைத்த விலா எலும்பின் ஒரு துணுக்கைக் காகிதம் போல மெல்லியதாகச் சீவி விளக்கில் காட்டினார். வளையம் வளையமாகக் கோடுகள்.

"மரத்துக்கு மாதிரி எலும்புக்கும் வளையம் விழும். இதை வச்சு எத்தனை வருஷம் வாழ்ந்துச்சுன்னு சொல்லிடலாம். அது எந்தக் கடல்ல பிறந்துச்சு, யாரு சர்டிபிகேட் குடுத்தா, அதெல்லாம் நமக்குத் தேவையில்ல."

"நமக்கும் தெரியுமா மேடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நம்மளை வெட்ட வேணாம், எக்ஸ்ரே போதும். உங்க விரல் எலும்பு முனையில ஒரு இடைவெளி இருக்கும். வளர வளர அது மூடிக்கிட்டே வரும். முழுசா மூடிடுச்சுன்னா ஆள் வளர்ந்து முடிஞ்சாச்சு. அந்தக் காலத்துல ஸ்கூல்ல சேர்க்கணும்னா கையைத் தலைக்கு மேல விட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொல்லுவாங்களாம். இது அதைவிடக் கொஞ்சம் நம்பகமானது."

எலும்பைப் படம் பிடிக்க வைத்திருந்த சின்ன எக்ஸ்ரே கருவியில் நாங்கள் முண்டியடித்துக்கொண்டு கையை வைத்தோம். எல்லோருடைய விரல் முனையிலும் மெல்லிய கறுப்பு இடைவெளி. யாழரசி மட்டும் பாத்திரம் கழுவப் போகிறேன் என்று எழுந்தாள். நான்தான் சனியன் மாதிரி அவள் கையைப் பிடித்து இழுத்துக் கருவியின் மேல் வைத்தேன். அவள் ஒரு கணம் கையை இறுக்கினாள். பிறகு, போகட்டும் என்பதுபோல விட்டுவிட்டாள்.

திரையில் ஒரு விரலிலும் இடைவெளி இல்லை. மணிக்கட்டில்கூட மூடியிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அதுதான். மேடம் படத்தை இரண்டு முறை பார்த்தார். "உனக்கு என்ன வயசு?" என்றார் மெதுவாக.

"சர்டிபிகேட்டுல பதினஞ்சு."

"நான் சர்டிபிகேட்டைக் கேக்கல."

"இருபது" என்றாள் யாழரசி.

அப்புறம் அவளே சொன்னாள். அம்மா இல்லை. மகள் டாக்டராக வேண்டும் என்று அப்பாவுக்கு வெறி. போன ஆண்டு முழுவதும் சனி, ஞாயிறு, விடுமுறை என்று பார்க்காமல் கோச்சிங் கூடங்களில் அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவள் பங்கு ஒரு வருடம் தீர்ந்துகொண்டே வந்தபோது, சர்க்கரை வாங்கச் சொந்தக்காரர்கள் ரேஷன் கார்டைக் கடன் கொடுப்பார்களே, அதுபோலச் சித்தப்பா மகள், அத்தை மகள், மாமா மகள் என்று ஒவ்வொருத்தியின் நுழைவு அட்டையாக வாங்கி அவர்கள் பெயரில் உள்ளே அனுப்பியிருக்கிறார். வெளியே ஓராண்டு போவதற்குள் அவளுக்கு ஐந்தாண்டு போயிருந்தது. தன் பெயரில் மிச்சமிருந்த கடைசி மாதத்தைத்தான் இந்த முகாமில் கழித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மறுபடி கோச்சிங் கூடம் மேடம். பெரியம்மா பொண்ணு கார்டு. அது முடிஞ்சா இன்னொரு கார்டு. நான் மைனர், அவர் கையெழுத்துப் போட்டா நான் போயாகணும். ஸ்கூல்ல எல்லாரும் எனக்குச் சின்னப் பிள்ளைங்க. கோச்சிங்ல கூட இருந்தவங்க ஒரு மாசத்துல வெளிய போயிடுவாங்க. எனக்குக் கூடப் படிச்சவங்கன்னு யாருமே கிடையாது. எனக்கு டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு வெளிய இருக்கணும்."

மேடம் எழுந்து சிவப்புக் கைப்பிடியின் பக்கம் போனார். சட்டம் அது. எங்கள் எல்லோருக்கும் ஒன்றே தோன்றியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதுதான் தோன்றியது. சர்டிபிகேட் போச்சு. மேடம் கைப்பிடியில் கையை வைத்தபடி மாவுக்கட்டுப் போடாத அந்தக் குட்டியைப் பார்த்தார். அவரால் இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"இழுக்காதீங்க மேடம்" என்றாள் யாழரசி. "அஞ்சு வருஷம் போச்சு, இந்தப் பாதி மாசத்துல என்ன வந்துடப் போகுது. வேலையை முடிப்போம். வெளிய போறப்ப இந்தப் படத்துல, வயசு இருபதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது போதும். மேஜர்னு ஆயிட்டா அவரால என்னை அனுப்ப முடியாதுல்ல?"

"முடியாது" என்றார் மேடம். கையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு முழுவதும் அவர் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று படுக்கும்போது நான், "போர்வை வேணுமாக்கா?" என்று கேட்டேன். வாய் தானாக அப்படிக் கூப்பிட்டுவிட்டது. அவள் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

மீதி நாள்களை நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். தாயும் குட்டியும் வெள்ளை மாவுக்கட்டுக்குள் போனார்கள். வெளியே செங்கல் நிற உச்சிவெயில் வந்து, சாய்ந்து, மங்கியது. அந்த மனிதர் நின்ற இடத்திலேயே நின்றார். சில நாள் உட்கார்ந்திருந்தார். சில நாள் கையைத் தூக்கி ஆட்டினார். அந்தக் கை மேலே போய்க் கீழே வருவதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளையை இப்படிப் பிழிந்துவிட்டுக் கை வேறு ஆட்டுகிறாரே என்று அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கதவு திறந்தபோது காதில் அறைந்தாற்போல் சத்தம் வந்தது. லாரி, காக்கை, மனிதர்கள். யாழரசி படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள். அவள் சொல்ல வேண்டியதை எத்தனை முறை என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தனியாக விட மனமில்லாமல் நானும் பின்னாலேயே போனேன்.

"எனக்கு இருபது வயசு. மேடம் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இனிமே நீ என்னை எங்கயும் அனுப்ப முடியாது."

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிவப்பு வெளிச்சம் இல்லாமல் அப்போதுதான் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரை. கன்னம் ஒட்டிப் போய், மூச்சு விசில் அடித்தது.

"உங்க தாத்தாவாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

யாழரசி நிமிர்ந்தாள். கோபத்தில் அவர் முகத்தைப் பார்க்காமலே எத்தனை நாள் இருந்திருப்பாளோ. "என்னப்பா இது? சிமெண்ட் தூசின்னுதானே சொன்ன?"

"தூசிதான் பாப்பா."

"துண்டால தொடச்சியே, போகலியே."

மருதமுத்து என்று அவர் சட்டை மேல் ஆலை அட்டை தொங்கியது. வயது நாற்பத்தொன்று என்று போட்டிருந்தது. எங்கள் பின்னால் வந்த செண்பகவல்லி மேடம்தான் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க எந்தக் கூடத்துல வேலை பாக்குறீங்க?"

"சூளைல மேடம். உள்ள செங்கல் மாத்தணும்னா முன்னெல்லாம் ஒரு மாசம் ஆலையை நிறுத்துவாங்க. இப்ப கூடத்தை இறக்கி ஒரே நாள்ல முடிச்சுடுறாங்க. ஊர் ஊரா எங்க சூளை நின்னாலும் எங்க செட்டுதான் போகும். பெரியவங்களுக்குத்தான் வரம்பு இல்லியே, போயிட்டே இருக்கேன். ரெண்டு வருஷமாச்சு. இருபது வருஷம்னு வச்சுக்கங்க."

"எதுக்குப்பா?" என்றாள் யாழரசி.

"உன் கோச்சிங்குக்குப் பணம் சேக்கத்தான் போனேன். போனப்புறம்தான் புரிஞ்சுது. எல்லாரு மாதிரியும் நீ படிச்சு டாக்டராக எட்டு வருஷம் ஆகும். நான் ஓடுற ஓட்டத்துக்கு எட்டு வருஷம் எங்க இருக்கப் போறேன்? நீயும் கொஞ்சம் ஓடி வந்து பரீட்சையெல்லாம் முன்னாலயே எழுதிட்டாத்தானே நான் பாக்க முடியும்? அதான் பாப்பா அவசரப்பட்டேன். தப்புத்தான்."

"இன்னிக்கு எதுக்கு இங்கயே நின்ன?"

"லீவு. நான் ஒரு நாள் நின்னா உனக்கு ஒரு மாசம் தெரிவேன்ல."

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"இனிமே நீயும் போகாத" என்றாள் யாழரசி. "ரெண்டு பேரும் வெளியவே இருப்போம். எல்லாரும் போற வேகத்துல போவோம்."

அவர் சிரித்தார். "வெளிய எவன் எனக்கு வேலை குடுப்பான்? பாத்தா கிழவன். முதியோர் பென்ஷன் கேட்டா, பேப்பர்ல நாப்பத்தொண்ணு, போய்ட்டு இருவது வருஷம் கழிச்சு வான்னு சொல்றாங்க. ராத்திரி ஷிப்டு இருக்கு. ஏழு மணிக்குக் கதவடைப்பாங்க. நீ வீட்டுக்குப் போ. கோச்சிங் வேணாம், உன் இஷ்டப்படி இரு. காலைல வந்துடுறேன்."

"காலைலன்னா உனக்கு ஒரு மாசம்."

"ஆமா."

ஆலையின் வேன் வந்து நின்றது. ஆள் எடுப்பவர் ஒருவர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மருதமுத்து இருமிக்கொண்டே ஏறினார். ஏறும்போது ஒரு கையால் கதவையும் ஒரு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டார். யாழரசி அதைப் பார்த்தாள். பிறகு வேனுக்குப் போய் ஆள் எடுப்பவரிடம் கேட்டாள்.

"எடுபிடிக்கு ஆள் வேணுமாண்ணா?"

"பதினெட்டு ஆச்சாம்மா?"

அவள் படத்தை நீட்டினாள். மருதமுத்து உள்ளேயிருந்து, "வேணாம் பாப்பா, இறங்கு" என்று கெஞ்சினார். "இதுக்கா அந்தப் படத்தை எடுத்த?"

"ஒரு மாசம்தாம்ப்பா. இன்னிக்கு மட்டும். உன் கூட இருந்து பாத்துக்கிட்டு, அடுத்து என்ன பண்றதுன்னு யோசிப்போம்" என்றாள். தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்து, "போயிட்டு வரேன் ஷமி. நாளைக்குப் போன் பண்றேன்" என்றாள்.

போன் வரவில்லை. நான் இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு தொடங்கியது. பாடம், டெஸ்ட், டியூஷன் என்று ஓட ஆரம்பித்ததில் நான் அவளை மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அஞ்சு மார்க் சர்டிபிகேட் மட்டும் பீரோவில் இருந்தது.

அடுத்த கோடையில் நானும் அத்தாவும் ஒரு கல்யாணத்துக்காக அரியலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நல்ல கூட்டம். நடுவழியில் ஏறிய ஒரு பெண்மணி கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். காதோரம் நரைத்திருந்தது. என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஷமிதானே? நீ அப்படியே இருக்கியே."

குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "ஒரு மாசம்னு சொன்னீங்களே" என்பது மட்டும்தான் வந்தது.

"அப்பாவுக்கு மூச்சுக் கோளாறு. வெளிய ஆஸ்பத்திரில பேப்பர் வயசைப் பாத்துட்டு, இந்த வயசுக்கு இதெல்லாம் வராதுன்னு நம்ப மாட்டேன்னுட்டாங்க. உள்ள கம்பெனி டாக்டர் இருந்தாரு. சரி, அப்பா இருக்கிற வரைக்கும் இருப்போம்னு இருந்தேன்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"அவர் போயி பத்து வருஷம் ஆச்சும்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இந்தப் பொங்கலப்ப" என்று திருத்திச் சொன்னார்.

"அப்புறமாச்சும் வெளிய வந்திருக்கலாம்லக்கா?"

"வந்து? வெளிய எனக்கு உன்னைத் தவிர யாரைத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் உள்ளதான் இருக்காங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் தடுமாறிக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்த அத்தா விழித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அத்தாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

"அட, நின்னுட்டே வர்றீங்களே" என்று எழுந்து இடம் விட்டார். "உட்காருங்கக்கா."

யாழரசி மறுக்காமல் உட்கார்ந்துகொண்டாள்.